நாற்காலியில் நாலு ஜமுக்காளம்

கோவில்பட்டியில் எங்கள் வீட்டில் கடலைமிட்டாய் டப்பா காலியாக இருந்து நான் பார்த்ததில்லை. மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் அம்மா ஒரு துண்டை உடைத்து வாயில் போட்டுக்கொள்வாள். 2021இல் ஒருநாள், அவள் சாப்பிட்டுவிட்டு வைத்த தட்டின் ஓரத்தில் ஏழெட்டுக் கடலைப்பருப்பு கிடந்தது. வெல்லம் கரையும்வரை சப்பிவிட்டுக் கடலையை எடுத்து வைத்திருக்கிறாள். கேட்டதற்கு, "பல்செட்டு ஆடுது பிள்ள, கடிச்சா ஈறு வலிக்கி" என்றாள். நான் தட்டைக் கழுவப் போட்டுவிட்டு என் வேலையைப் பார்க்கப் போய்விட்டேன்.

அடுத்த வருஷம் ஐப்பசி மழையில், ராத்திரி இரண்டு மணிக்கு பாத்ரூம் வாசல்படியில் அம்மா விழுந்தாள். வழுக்கிக்கூட விழவில்லை. படியில் இடது காலைத் தூக்கி வைக்கும்போது வலது கால் உடம்பைத் தாங்கவில்லை, அப்படியே சரிந்திருக்கிறாள். வலது தொடை எலும்பின் மேல்முனை, இடுப்பு மூட்டுக்குச் சற்றுக் கீழே, முறிந்துவிட்டது. அப்போது அம்மாவுக்கு 71 வயது.

இதை எழுதுவதற்குக் காரணம் உண்டு. எலும்பு முறிந்தது அந்த ராத்திரியில்தான். ஆனால் அதற்கு நான்கைந்து வருஷம் முன்பிருந்தே அம்மாவின் தொடைச்சதை கரைந்துகொண்டிருந்தது. அது எங்கள் கண் முன்னால், எங்கள் சாப்பாட்டுத் தட்டில்தான் நடந்தது. அதற்கு நாங்கள் வைத்த பெயர் 'வயசாயிருச்சு'. வீட்டில் அறுபதைத் தாண்டியவர்கள் இருக்கும் யாரும் இந்தத் தப்பைச் செய்துவிடக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

ஆபரேஷன் செய்து உள்ளே கம்பி வைத்தார்கள். மறுநாள் பிசியோதெரபிக்கு ஒரு சின்னப் பெண் வந்தது. அம்மாவின் காலைத் தொட்டுப் பார்த்துவிட்டு என்னிடம் முதலில் கேட்டது இதைத்தான்: "அக்கா, பாட்டி விழுறதுக்கு முந்தி நாற்காலியில இருந்து எப்படி எந்திரிப்பாங்க? கையை ஊனியா, ஊனாமலா?"

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. யோசித்துப் பார்த்தால், இரண்டு மூன்று வருஷமாகவே நாற்காலிக் கைப்பிடி இரண்டையும் பிடித்து, முன்னால் ஒரு ஆட்டு ஆடி, "முருகா" என்று சொல்லித்தான் எழுந்திருப்பாள். கைப்பிடி இல்லாத நாற்காலியில் உட்காரவே மாட்டாள். தரையில் உட்காருவதை எப்போதோ விட்டுவிட்டாள். நாங்களும் மூட்டுவலி என்று நினைத்து, அவளுக்காக உயரமான கட்டில், வெஸ்டர்ன் டாய்லெட், பிளாஸ்டிக் நாற்காலி என்று ஒவ்வொன்றாக மாற்றினோம். அம்மா என் சின்ன வயதில் தீப்பெட்டி ஆபீசுக்குப் போனவள். வீட்டுக்கும் பெட்டி ஒட்டக் கொண்டுவருவாள். சம்மணம் போட்டு உட்கார்ந்து ஒட்டுவாள், நடுவில் உலை பார்க்க எழுந்திருப்பாள், திரும்ப வந்து உட்காருவாள். ஒரு நாளைக்கு முப்பது நாற்பது தடவையாவது தரையிலிருந்து எழுந்திருப்பாள். அந்த வேலைதான் அவள் தொடையைக் காப்பாற்றி வைத்திருந்தது. பாசத்தில் நாங்கள் அதைப் பிடுங்கிவிட்டோம்.

வயதாக ஆகச் சதையும் அதன் பலமும் குறைந்துபோவதற்குச் சார்கோபீனியா என்று பெயர். 1989இல் இர்வின் ரோசன்பெர்க் என்ற அமெரிக்க மருத்துவர் வைத்த பெயர். கிரேக்கத்தில் 'சார்க்ஸ்' என்றால் சதை, 'பீனியா' என்றால் குறைவு. பெயர் இருப்பதால் என்ன பயன் என்றால், பெயர் இருந்தால் பரிசோதனை இருக்கும், அளவு இருக்கும், சரிசெய்ய வழியும் இருக்கும். 'வயசாயிருச்சு' என்பதற்கு அது எதுவும் கிடையாது.

வீட்டிலேயே பார்க்கக்கூடிய மூன்று சோதனைகளை அந்தப் பெண் சொல்லிக்கொடுத்தது. கைகளை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து ஐந்து தடவை எழுந்து உட்கார வேண்டும். ஆசிய நாடுகளுக்கென்று 2019இல் வகுத்த அளவுப்படி 12 விநாடி அல்லது அதற்கு மேல் ஆனால் கவனிக்க வேண்டும். அடுத்தது, தையல் டேப்பால் கெண்டைக்காலின் பருத்த இடத்தை அளப்பது. பெண்களுக்கு 33 சென்டிமீட்டருக்கும் ஆண்களுக்கு 34க்கும் குறைந்தால் சந்தேகம். டேப் இல்லையென்றால் ஜப்பானில் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். இரண்டு கைகளின் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து வளையமாக்கிக் கெண்டைக்காலைச் சுற்றிப் பிடிப்பது. வளையத்துக்கும் காலுக்கும் இடையில் சந்து விழுந்தால் சதை குறைந்திருக்கிறது. அம்மாவின் முறியாத இடது காலில் பிடித்துப் பார்த்தேன். என் விரல் வளையம் கணுக்கால் வரை சும்மா இறங்கிப் போயிற்று. ஆஸ்பத்திரிக் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து அழுதேன்.

அடுத்த மாதம் மதுரைக்குப் போய், எலும்பின் அடர்த்தியை அளக்கிற டெக்சா ஸ்கேன் எடுத்தோம். அதில் வரும் மதிப்பெண்ணான டி-ஸ்கோர் மைனஸ் 3.1. மைனஸ் 2.5 அல்லது அதற்குக் கீழே போனால் எலும்புப்புரை, அதாவது சுலபமாக முறிகிற அளவுக்கு எலும்பு மெலிந்துவிட்டது. வைட்டமின் டி 11 இருந்தது. 20க்குக் கீழே இருந்தாலே குறைபாடு என்பார்கள். கோவில்பட்டி வெயிலில் இருக்கிற மனுஷிக்கு இப்படியா என்று எல்லோரும் கேட்டார்கள். அம்மா காலை ஆறரை மணிக்கு வாசலில் இளவெயில் காய்வாள், அவ்வளவுதான். தோலில் வைட்டமின் டி உண்டாவதற்கான புற ஊதாக்கதிர் அந்த நேரத்து வெயிலில் அநேகமாக இல்லை. உச்சி வெயிலை ஒட்டிய நேரத்தில்தான் அது உண்டு. அந்த நேரத்தில் நம் வீட்டுப் பெரியவர்கள் ஃபேனுக்குக் கீழே படுத்திருப்பார்கள். இப்போது பதினோரு மணிக்குமேல் பத்துப் பதினைந்து நிமிஷம் கையும் காலும் வெயில் படும்படி மொட்டைமாடிப் படியில் உட்காருகிறாள்.

சாப்பாட்டுக்கு வருகிறேன். எனக்கு ரொம்ப வலித்த இடம் இதுதான்.

அம்மாவின் எடை அப்போது 46 கிலோ. ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020இல் வெளியிட்ட அளவுப்படி, பெரியவர்களுக்கு ஒரு கிலோ எடைக்கு 0.83 கிராம் புரதம். வயதானவர்களுக்கு இது போதாது, 1 முதல் 1.2 கிராம் வரை வேண்டும், நோயிலிருந்து தேறும்போது அதற்கும் மேல் வேண்டும் என்று முதியோர் மருத்துவ வல்லுநர்கள் 2013லேயே சொல்லியிருக்கிறார்கள். வயதான சதைக்குக் கொஞ்சப் புரதம் போய்ச் சேர்ந்தால் உறைப்பதில்லை. இளம் உடம்புக்கு உறைக்கிற அளவைவிட ஒவ்வொரு வேளையும் கூடுதலாகப் போனால்தான் அது புதுச்சதை கட்டும். ஆக, வயதானால் சாப்பாடு குறைய வேண்டும் என்று நாம் நினைப்பது புரத விஷயத்தில் நேர்தலைகீழ். அம்மாவுக்கு ஒரு நாளைக்கு 55 கிராமாவது வேண்டும்.

அவள் சாப்பிட்டதை எழுதிக் கணக்குப் பார்த்தேன். காலை இரண்டு இட்லி, தேங்காய்ச் சட்னி. பத்து மணிக்குக் காப்பி. மத்தியானம் ரசம் சோறு, மோர்ச் சோறு, ஏதாவது கூட்டு. சாயங்காலம் காப்பி, வறுக்கி. ராத்திரி ஒரு தோசை. மொத்தமே 25 கிராமைத் தாண்டவில்லை. சாம்பார் உண்டே என்பீர்கள். எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் சாப்பிடுகிறவளுக்குச் சாம்பாரில் மேல்தண்ணீர்தான் மிஞ்சும். பருப்பு எங்கள் தட்டுகளுக்குப் போயிருக்கும். மீன் குழம்பு வைத்த அன்றும் அவள் குழம்பை ஊற்றிக்கொண்டு துண்டை என் பையனுக்குத் தள்ளிவிடுவாள். கடலை, சுண்டல், மொச்சை, கறி என்று கடிக்க வேண்டியதெல்லாம் பல்செட் ஆடத் தொடங்கியதிலிருந்து ஒவ்வொன்றாக நின்றுபோயிருக்கிறது. பல் போனால் சொல் போச்சு என்பார்கள். அம்மாவுக்குச் சொல் நன்றாகத்தான் இருந்தது. போனது பருப்பும் கடலையும். மிஞ்சியது கரைத்துக் குடிக்கிற சோறு.

அதனால் நாங்கள் முதலில் போனது பல் டாக்டரிடம். பல் இல்லாத தாடை எலும்பு வருஷத்துக்கு வருஷம் தேயும், அதனால் பழைய செட் தொளதொளத்துப் போகும் என்று சொல்லி உள்பக்கம் பூசிச் சரிசெய்து கொடுத்தார். கீழே ஆடிக்கொண்டிருந்த ஒரு சொந்தப் பல்லையும் எடுத்தார். அப்போது அவர் ஒரு கேள்வி கேட்டார்: "எலும்புக்கு வருஷத்துக்கு ஒரு தடவை போடுற ஊசி போட்டாச்சா?" இன்னும் இல்லை என்றதும்தான் பல்லில் கை வைத்தார். எலும்புப்புரைக்குக் கொடுக்கிற சில மருந்துகள் போட்ட பிறகு பல் பிடுங்கினால் அபூர்வமாகத் தாடை எலும்பு ஆறாமல் போகும். பல் வேலை இருந்தால் முதலில் முடித்துவிட்டு, புண் ஆறிய பிறகு அந்த மருந்தைத் தொடங்குவது நல்லது. இதை எங்களுக்கு வேறு யாரும் சொல்லவில்லை.

பல் சரியானதும் மெனுவை மாற்றினேன். புரதத்தைக் கூட்டுவதற்கு முன்னால் கிரியாட்டினின் பரிசோதனை செய்து சிறுநீரகம் நன்றாக இருக்கிறது என்று தெரிந்துகொண்டேன். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் இதைச் செய்யவே கூடாது. காலையில் இட்லிக்குப் பதில் வாரம் நாலு நாள் பாசிப்பயறு தோசை, கடலைச் சட்னி. அதுவே 15 கிராம் பக்கம் வரும். மத்தியானம் சோற்றைக் குறைத்து, துவரம்பருப்பைக் கெட்டியாகக் கடைந்து முதல் கரண்டியை அவள் தட்டில் ஊற்றுவேன். கூடவே ஒரு முட்டை, ஒரு கிண்ணம் தயிர். சாயங்காலம் வறுக்கிக்குப் பதில் நன்றாக வெந்து மசிந்த கொண்டைக்கடலைச் சுண்டல். ராத்திரி அடையும் ஒரு டம்ளர் பாலும். செவ்வாய், வெள்ளி முட்டை கிடையாது, புரட்டாசி முழுக்கக் கிடையாது. அந்த நாட்களில் கடலையைப் பொடித்துச் சோற்றில் பிசைந்து கொடுப்பேன். தூத்துக்குடியிலிருந்து நெத்திலி வந்தால் முள்ளோடு குழம்பு வைப்பேன். முள்ளையும் மென்று தின்னும் மீன் என்பதால் கால்சியமும் சேரும். அவள் வயதுக்கு ஒரு நாளைக்கு 1200 மில்லிகிராம் கால்சியம் வேண்டும். 100 கிராம் கேழ்வரகில் 350 மில்லிகிராம் அளவுக்கு இருக்கிறது. பத்து மணிக் காப்பியின் இடத்தைக் கேழ்வரகுக் கூழும் மோரும் பிடித்துக்கொண்டன.

பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ஆட்டுக்கால் சூப் கொடுக்கச் சொன்னார்கள். கொடுத்தேன், அம்மா ருசித்துக் குடித்தாள். பிரண்டைத் துவையலும் அரைத்தேன். அதிலெல்லாம் கெடுதல் ஒன்றுமில்லை. ஆனால் எலும்பைக் கொதிக்க வைத்தால் அதிலுள்ள கால்சியம் தண்ணீரில் இறங்குவது ரொம்பக் கொஞ்சம்தான். சூப் குடித்த வயிறு நிறைந்து பருப்பும் முட்டையும் வேண்டாம் என்றாகிவிட்டால் நஷ்டம்தான். சொந்தக்காரர்கள் வாங்கி வந்த சத்துப்பானப் பொடி டப்பாக்களையும் திருப்பி லேபிளைப் படித்தேன். சிலவற்றில் ஒரு வேளைப் பொடியில் புரதம் ஒரு முட்டையின் பாதிகூட இல்லை, மிச்சமெல்லாம் சர்க்கரை. அவற்றை ஓரமாக வைத்துவிட்டேன்.

மாத்திரையில் நானே ஒரு தப்புச் செய்தேன். அம்மா பத்து வருஷமாகக் காலையில் வெறும் வயிற்றில் தைராய்டு மாத்திரை போடுகிறாள். வேலை சுலபமாகட்டும் என்று கால்சியம் மாத்திரையையும் கூடவே கொடுத்துவந்தேன். கால்சியம் இருந்தால் தைராய்டு மருந்து உடம்பில் சேராது. இரண்டுக்கும் நாலு மணி நேரம் இடைவெளி வேண்டும். இரண்டு மாதம் கழித்து ரத்தப் பரிசோதனையில் டிஎஸ்எச் (தைராய்டு குறைந்தால் ஏறும் அளவு) எகிறிய பிறகுதான் மருந்துக்கடைக்காரர் சொல்லித் தெரிந்தது. இப்போது கால்சியம் மத்தியானச் சாப்பாட்டோடு. வைட்டமின் டி 60,000 யூனிட் மாத்திரை வாரத்துக்கு ஒன்று, அதுவும் எட்டு வாரம்தான் எழுதியிருந்தார்கள். எங்கள் தெருவில் ஒரு பெரியவர் அதைத் தினமும் போட்டு, ரத்தத்தில் கால்சியம் ஏறி, வாந்தியும் மயக்கமுமாக ஆஸ்பத்திரியில் கிடந்தார். அதனால் நான் காலண்டரில் ஞாயிற்றுக்கிழமையை வட்டம் போட்டு, மாத்திரை கொடுத்ததும் அடித்துவிடுவேன்.

சாப்பாடு மட்டும் போதாது. வேலை கொடுக்காத சதைக்கு எவ்வளவு புரதம் போனாலும் அது தங்காது. இதை வீட்டில் புரியவைக்கத்தான் ரொம்பச் சிரமப்பட்டேன். ஆபரேஷன் முடிந்த இரண்டாம் நாளே வாக்கரைப் பிடித்து நிற்கவைத்தபோது, என் மாமா சண்டைக்கே வந்துவிட்டார். "கம்பி வச்ச கால ஊனச் சொல்லுதீங்களே, மூணு மாசம் அசையாம கெடக்க வேண்டாமா?" அவர் பேசியது அக்காள் மேல் உள்ள பாசத்தில். ஆனால் ஆரோக்கியமான முதியவர்களைப் பத்தே நாள் படுக்கையில் வைத்துப் பார்த்த ஓர் அமெரிக்க ஆய்வில், கால்களில் மட்டும் கிட்டத்தட்ட ஒரு கிலோ சதை குறைந்தது. 46 கிலோ உடம்பில் மூன்று மாதப் படுக்கை என்ன செய்திருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. டாக்டர் காலை ஊன்றலாம் என்று சொன்ன பிறகு படுக்கவைப்பது பாசமாகாது.

வீட்டுக்கு வந்ததும் அந்தப் பெண் ஒரு வழி சொன்னது. கைப்பிடி உள்ள மர நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, அதில் ஜமுக்காளத்தை மடித்து அடுக்கினோம். ஒன்றின் மேல் ஒன்றாக நாலு. உட்காரும் இடம் உயர்ந்துவிட்டால் எழுந்திருக்கத் தொடைக்கு வேலை குறைவு. அந்த உயரத்தில் கையை ஊன்றாமல் அம்மாவால் எழ முடிந்தது. காலை ஐந்து தடவை, சாயங்காலம் ஐந்து தடவை. எழும்போது மூச்சை அடக்கக் கூடாது, உட்காரும்போது பொத்தென்று விழாமல் மெதுவாக இறங்க வேண்டும். பத்துத் தடவை சுலபமாக வந்ததும் ஒரு ஜமுக்காளத்தை உருவிவிடுவோம். முதல் ஜமுக்காளம் மூன்று வாரத்தில் போயிற்று. இரண்டாவதற்கு ஐந்து வாரம். மூன்றாவதை உருவிய அன்று அவளால் எழவே முடியவில்லை. திரும்ப வைத்தோம். பாதியாக மடித்துப் பாதி உயரத்துக்கு வைத்துப் பார்த்தோம். அதில் எழுந்தாள்.

நடுவில் அவளுக்கு மனது விட்டுப்போன ஒரு வாரம் உண்டு. "எழுபத்தொண்ணு வயசுல இனிமே என்ன சதை வளரப்போகுது?" என்று கேட்டாள். அப்போது நான் படித்த ஒன்றைச் சொன்னேன். அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்தில் முதியோர் இல்லத்தில் இருந்த பத்துப் பேருக்குத் தொடையால் எடை தூக்கும் பயிற்சி கொடுத்தார்கள். சராசரி வயது 90. எட்டு வாரத்தில் அவர்கள் காலின் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது. 1990இல் வெளிவந்த ஆய்வு. அம்மா "தொண்ணூறா?" என்று மட்டும் கேட்டாள். அன்றைக்குச் சாயங்காலம் நான் சொல்லாமலே நாற்காலியில் போய் உட்கார்ந்தாள்.

பிறகு அடுப்படி மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி நிற்பது, அப்புறம் ஒற்றைக் காலில் நிற்பது, கணுக்காலில் அரைக்கிலோ மணல் பை கட்டி முழங்காலை நீட்டுவது என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தோம். நடைப்பயிற்சி நல்லதுதான், ஆனால் நடந்தால் மட்டும் தொடைக்குப் பலம் ஏறிவிடாது. எடையை எதிர்த்து எழ வேண்டும், தூக்க வேண்டும்.

வீட்டில் செய்த மாற்றங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பாத்ரூம் வாசல்படியை இடித்துச் சரிவாக்கினோம். சுவரில் இரண்டு கம்பி, ராத்திரி முழுக்க எரிகிற சின்ன விளக்கு. கால் தடுக்குகிற மிதியடிகளை எல்லாம் எடுத்தாயிற்று. கண்புரை ஆபரேஷனும் முடித்தோம். ராத்திரி எழும்போது கட்டிலில் ஒரு நிமிஷம் உட்கார்ந்துவிட்டுத்தான் நிற்க வேண்டும், பிரஷர் மாத்திரை போடுகிறவர்களுக்குச் சட்டென்று நின்றால் தலைசுற்றும்.

நானும் ஸ்கேன் எடுத்துக்கொண்டேன். அப்போது எனக்கு 49, மாதவிடாய் நின்று ஒரு வருஷம். டி-ஸ்கோர் மைனஸ் 1.6. மைனஸ் 1க்கும் 2.5க்கும் இடையில் இருந்தால் எலும்பு மெலியத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். மாதவிடாய் நின்ற பிறகு வரும் முதல் சில வருஷங்களில்தான் பெண்களுக்கு எலும்பு வேகமாகக் கரையும். நாற்பத்தைந்தைத் தாண்டிய தங்கைகளும் அக்காக்களும் தங்கள் தட்டையும் ஒருநாள் எழுதிக் கணக்குப் பாருங்கள். என் தட்டிலும் 35 கிராம்தான் வந்தது. அம்மாவின் தட்டு எனக்கு வருவதற்கு அதிக வருஷம் இல்லை. இப்போது நானும் அம்மாவோடு சேர்ந்துதான் நாற்காலியில் எழுந்து உட்காருகிறேன், இரண்டு கையிலும் இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டிலோடு.

அம்மாவின் எடை இப்போது 49 கிலோ. கெண்டைக்காலில் என் விரல் வளையம் சந்து இல்லாமல் நிற்கிறது. எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். டவுன் பஸ்ஸின் உயரமான படியில் இன்னும் ஏற முடியவில்லை. தரையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க ஒரு ஆள் வேண்டும். வருஷத்துக்கு ஒரு தடவை டிரிப்ஸில் போடும் எலும்பு மருந்து இரண்டு முறை ஆகிவிட்டது. ஜமுக்காளம் நாலும் பரணுக்குப் போய்விட்டன. வெறும் நாற்காலியில் ஐந்து தடவை எழ முதலில் 19 விநாடி ஆயிற்று. ஞாயிற்றுக்கிழமைதோறும் போனில் நேரம் பார்த்து, காலண்டரில் வைட்டமின் வட்டத்துக்குப் பக்கத்திலேயே எழுதி வைக்கிறோம். போன வாரம் 13. பன்னிரண்டுக்குக் கீழே வர இன்னும் கொஞ்சம்தான் அம்மா என்றேன். "ஐயரு நேரம் பாக்க மாதிரி அந்தப் போனையே பாக்காத, காலைப் பாரு" என்று சொல்லிவிட்டு, இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு இன்னொரு தடவை போய் உட்கார்ந்தாள்.